சரக்கு விமானத்தில் கோ-பைலட் வேலை கிடைத்திருக்கிறது, பயிற்சிக்கு 6 வாரம்: எதிலிருந்து தொடங்குவது?

பாலக்கோட்டுப் பையன் | ஞாயிறு இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. எழுதாத தேர்வில்லை, ஏறாத படியில்லை. போன வாரம்தான் ஒரு சரக்கு விமானக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. போயிங் 737-800 சரக்கு விமானம், ட்ரெயினி ஃபர்ஸ்ட் ஆபீசர். 6 வாரத்தில் வகுப்பு. கம்பெனிப் பெயர் வேண்டாமே.

மொத்தம் 210 மணி நேரம் பறந்திருக்கிறேன். பெரும்பகுதி செஸ்னா 172, கொஞ்சம் இரட்டை எஞ்சின். விமானத்தைத் தொட்டே 8 மாதம் ஆகிறது. பத்தாவது வரை தமிழ்வழி, அரசுப் பள்ளி. அதனால் வகுப்பில் ஆங்கிலம் வேகமாக ஓடினால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது.

பயணிகள் விமானத்தில் இருக்கும் நண்பன் அவனுடைய 737 நோட்ஸ் 900 பக்கம் அனுப்பியிருக்கிறான். தினம் 25 பக்கம் வீதம் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரிதானா? சரக்கு விமானத்துக்கென்று தனியாக எதையாவது படிக்க வேண்டுமா?

இன்னொன்று. அப்பா 28 வருடம் லாரி ஓட்டியவர். விஷயம் தெரிந்ததும் டீக்கடையில் ஒருவர், "அப்பன் தரையில லாரி, மகன் ஆகாசத்துல லாரி" என்றாராம். அப்பா சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அரூர்க்காரி | ஞாயிறு இரவு 10:05

வாழ்த்துகள் தம்பி. நான் பயணிகள் விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், ஏ320, மூன்றாவது வருடம்.

அந்த 900 பக்கத்தை மட்டும் தொடாதே. விமானம் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி எஸ்ஓபி (வேலை செய்யும் முறை) வேறு. யார் எந்த நேரத்தில் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், எந்தப் பட்டனை யார் தொட வேண்டும் என்பதெல்லாம் மாறும். நான் இப்படித்தான் ஒரு சீனியரின் நோட்ஸை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சிமுலேட்டரில் வாயைத் திறந்தால் பழைய கம்பெனியின் கால்-அவுட்தான் வந்தது. படிக்க ஒரு மாதம், மறக்க இரண்டு மாதம்.

இரவுக் கேப்டன் | ஞாயிறு இரவு 11:48

தம்பி, நான் தர்மபுரிதான். சரக்கு விமானத்தில் 14 வருடம் ஆகிறது. இன்றைக்கு ஓய்வு நாள், ஆனாலும் இந்த நேரத்தில் தூக்கம் வராது. அது தொழில் வியாதி.

முதலில் பயிற்சி எப்படிப் போகும் என்று தெரிந்துகொள். ஆரம்பத்தில் தரை வகுப்பு: விமானத்தின் அமைப்புகள், பெர்ஃபார்மன்ஸ், கம்பெனி விதிகள், ஆபத்தான சரக்கு, சிஆர்எம் (காக்பிட்டில் குழுவாக வேலை செய்வது), தீ, புகை, தண்ணீரில் இறங்குவது. பிறகு அசையாத சிமுலேட்டரில் கைப்பழக்கம். அப்புறம் முழுதாக அசையும் சிமுலேட்டர். ஒரு செஷன் 4 மணி நேரம் என்றால் 2 மணி நேரம் நீ ஓட்டுவாய், 2 மணி நேரம் உன் ஜோடி ஓட்ட, நீ பக்கத்தில் இருந்து மற்ற வேலையைப் பார்ப்பாய். முன்னால் விளக்கம், பின்னால் அலசல் எல்லாம் சேர்த்தால் 7 மணி நேரம் போய்விடும். இரவு 2 மணிக்கு செஷன் விழுந்தாலும் ஆச்சரியப்படாதே. ஸ்கில் டெஸ்ட் முடிந்ததும் நிஜ விமானத்தில் காலி வண்டியோடு ஏறி இறங்கப் பழக்குவார்கள். அதன் பிறகுதான் பயிற்சி கேப்டனோடு லைனில் சரக்கு ஏற்றிப் பறப்பது.

இதில் பையன்கள் விழுவது விமானம் ஓட்டத் தெரியாமல் இல்லை. வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல்தான். செஸ்னாவில் அப்ரோச்சில் 65 நாட். இதில் 140 பக்கம். யோசித்து முடிப்பதற்குள் ஓடுதளம் வந்துவிடும். அதனால் யோசிக்காமல் வர வேண்டியவற்றை இப்போதே வாயிலும் கையிலும் ஏற்றிக்கொள்.

கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எஃப்சிஓஎம் (விமானத்தை இயக்கும் கையேடு), கியூஆர்எச் (அவசர செக்லிஸ்ட் புத்தகம்), எஸ்ஓபி முன்கூட்டியே கிடைக்குமா என்று கேள். சில இடங்களில் தருவார்கள். கிடைத்தால் மூன்றை மட்டும் எடு: மெமரி ஐட்டம், லிமிடேஷன் (விமானத்தின் வரம்பு எண்கள்), ஃப்ளோ. ஃப்ளோ என்றால் பேனலில் கை எந்த வரிசையில் போகிறது என்பது. மெமரி ஐட்டம் என்றால் அவசரத்தில் புத்தகம் பார்க்காமல் செய்ய வேண்டியவை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். உதாரணத்துக்கு, 737 என்ஜியில் (உன் 800 அந்த வரிசைதான்) வேகமானி பொய் சொல்கிறது என்று சந்தேகம் வந்தால், ஃப்ளாப் உள்ளே இருக்கும்போது மூக்கு 4 டிகிரி, என்1 (எஞ்சின் விசிறியின் வேகம்) 75 சதவீதம். ஃப்ளாப் வெளியே என்றால் 10 டிகிரி, 80 சதவீதம். இதை எழுதி மாட்டுத்தொழுவத்தில் ஒட்டினாலும் சரி. உன் கம்பெனிப் புத்தகத்தோடு மட்டும் ஒரு தடவை ஒப்பிட்டுக்கொள்.

புத்தகம் கிடைக்காவிட்டால் மனக்கணக்குப் பழகு. உயரத்தை ஆயிரத்தில் சொல்லி 3ஆல் பெருக்கினால் இறங்க வேண்டிய தூரம்: 30,000 அடி என்றால் 90 நாட்டிகல் மைல். தரை வேகத்தை 5ஆல் பெருக்கினால் 3 டிகிரி சரிவுக்கு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று வரும்: 140 என்றால் 700. பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி வரும் பஸ்ஸில் உட்கார்ந்து இதையே போட்டுக்கொண்டு வா. பக்கத்து சீட்காரர் வேறு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதே. போயிங் புத்தகத்து ஆங்கிலம் கதைப்புத்தக ஆங்கிலம் இல்லை. ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும். சில நூறு சொல் பழகிவிட்டால் முடிந்தது. சத்தம் போட்டுப் படி, அது மட்டும் முக்கியம். மனதுக்குள் படித்தவனுக்கு காக்பிட்டில் வாய் வராது.

பெலகொண்டப்பள்ளி | திங்கள் காலை 6:30

ஓசூரில் விமானப் பராமரிப்பு எஞ்சினியராக இருக்கிறேன். கேப்டன் சார் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. 'மூன்றை மட்டும் எடு' என்றால் பிள்ளைகள் மற்றதை எட்டியே பார்க்க மாட்டார்கள். எந்த விளக்கு எரிந்தால் எந்தப் பட்டன் என்று தெரியும், அந்தப் பட்டன் எதைத் திறக்கிறது என்று தெரியாது. அப்படிப்பட்டவர்களை தினம் பார்க்கிறேன்.

சரக்கு விமானத்துக்கு முக்கியமாக ஒன்று தெரிய வேண்டும் தம்பி. காற்று எப்படிப் போகிறது என்பது. பயணிகள் விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றும்போது ஜன்னல்களை அடைத்து, இடது பக்கம் முன்னால் பெரிய கதவு போட்டு, தரையைப் பலப்படுத்தி, காக்பிட்டுக்குப் பின்னால் சுவர் மாதிரி ஒரு தடுப்பு வைக்கிறோம். திடீரென நின்றால் சரக்கு உன் முதுகில் வந்து விழாமல் இருக்கத்தான் அந்தத் தடுப்பு. மேல்தளம் முழுக்கச் சரக்கு. அந்த மேல்தளம் 'கிளாஸ் ஈ' வகை. புகையைக் கண்டுபிடிக்கும் கருவி உண்டு, தீயை அணைக்கும் ஹேலான் வாயு கிடையாது. ஹேலான் கீழ்த்தள அறைகளுக்குத்தான்.

அப்படியானால் மேலே தீப்பிடித்தால்? காற்று வரத்தை நிறுத்தி, கேபின் அழுத்தத்தை இறக்கி, தீக்கு மூச்சு முட்ட வைக்க வேண்டும். நிறைய போயிங் சரக்கு விமானங்களில் இதற்கு 25,000 அடியை ஒட்டிய உயரத்தைச் சொல்கிறார்கள். முதலில் உன் ஆக்சிஜன் மாஸ்க், பிறகுதான் மற்ற எல்லாம். பக்கத்தில் விமான நிலையம் இருந்தால் உடனே இறங்குவது. இது அணைக்கும் முறை இல்லை, நேரம் வாங்கும் முறை.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் 747 சரக்கு விமானத்தில் இதுதான் நடந்தது. லித்தியம் பேட்டரிச் சரக்கு. எச்சரிக்கை மணி அடித்து அரை மணி நேரத்துக்குள் விமானம் விழுந்துவிட்டது. காக்பிட்டில் கருவிகளே தெரியாத அளவு புகை. கேப்டனுக்கு ஆக்சிஜன் வரத்து நின்றுபோய் அவர் இருக்கையை விட்டு எழுந்தார், திரும்பி வரவில்லை. கோ-பைலட் ஒருவராகத் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தார். இருவருமே பிழைக்கவில்லை. உன் சீட் அதுதான் தம்பி. அதனால் மாஸ்க்கை ஒரு கையால் எடுத்து மாட்டுவது, புகைக் கண்ணாடி, மாஸ்க்கோடு பேசுவது, இவற்றை வகுப்பில் காட்டும்போது கடமைக்குச் செய்யாதே. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் செய்.

இரவுக் கேப்டன் | திங்கள் காலை 7:15

எஞ்சினியர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஏர் சிஸ்டமும் ஆக்சிஜனும் படிக்கத்தான் வேண்டும். என் பட்டியல் நான்காகிவிட்டது.

தொப்பூர் இறக்கம் | திங்கள் மதியம் 1:40

எனக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்று லாரி வைத்திருக்கிறேன், ஒரு காலத்தில் நானே ஓட்டினேன். மச்சான் பையன் இந்த இழையை அனுப்பினான்.

கண்ணு, டீக்கடையில் சொன்னவனுக்கு லாரி தெரியாது. கிருஷ்ணகிரி கிரானைட் கட்டை ஏற்றியிருக்கிறாரா உன் அப்பா என்று கேள். ஒரு கட்டை 20 டன் இருக்கும். சங்கிலி ஒரு கண்ணி தளர்ந்திருந்தாலும் வளைவில் தெரியும். வண்டி நாம் சொல்வதைக் கேட்காது, பின்னால் இருக்கும் கல் சொல்வதைத்தான் கேட்கும். தொப்பூர் இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டவன் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தான் என்று அப்பாவுக்குத் தெரியும். ஏற்றினவன் கட்டினானா என்று பார்க்காமல் சாவியைத் திருப்பினதில்லை நான். உங்கள் வண்டியில் கட்டுவது யார், பார்ப்பது யார்? எனக்குத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பழைய லோட் ஷீட் | திங்கள் மாலை 5:20

தொப்பூர்க்காரர் கேட்டது நல்ல கேள்வி. நான் சென்னையில் 22 வருடம் சரக்கு ஏற்றும் பிரிவில் இருந்தேன். இப்போது கிருஷ்ணகிரியில், மாந்தோப்போடு.

ஐயா, 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில் ஒரு 747 சரக்கு விமானம் கிளம்பிய சில நொடியிலேயே விழுந்தது. உள்ளே 5 ராணுவ வண்டிகள், ஒவ்வொன்றும் 12 டன், 18 டன். கட்டு போதவில்லை. பின்னால் இருந்த வண்டி நகர்ந்து வால் பகுதியை இடித்து, ஹைட்ராலிக்கையும் வாலின் கிடை இறக்கையை அசைக்கும் திருகையும் உடைத்துவிட்டது. 7 பேர் போனார்கள். கல் சொல்வதைத்தான் கேட்கும் என்று நீங்கள் சொன்னீர்களே, அதுதான்.

கட்டுவது ஏற்றும் ஆட்கள். லோட் ஷீட், அதாவது எடைக் கணக்குத் தாள், போடுவது என்னைப் போன்றவர்கள். கையெழுத்து கேப்டனுடையது. தம்பிக்கு வேலை நடுவில். 737-800 சரக்கு விமானத்தில் மேல்தளத்தில் 11 முழு பேலட்டும் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு) ஒரு சின்னதும், ஆக 12 இடம். 23 டன்னுக்கு மேல் ஏற்றலாம். ஒவ்வொரு பேலட்டையும் தரையில் இருக்கும் லாக் பிடித்திருக்க வேண்டும். நேரம் இருந்தால் நடந்து போய் லாக்கைக் கண்ணால் பார். முதல் மாதம் ஏற்றும் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இரண்டாவது, சமநிலை. கதவு முன்னால் இருப்பதால் இறக்கும்போது முன்பக்கம் முதலில் காலியாகும், பின்பக்கம் கனத்து நிற்கும். வால் கீழே குந்திவிடாமல் இருக்கத்தான் வால் தாங்கி வைப்பது. பறக்கும்போதும் எடை பின்னால் இருந்தால் மூக்கு தானாகவே எழப் பார்க்கும். அதை நீ வேகமாக இழுத்தால் வால் உரசும். 737-800க்கு நீள உடம்பு, 11 டிகிரியில் வால் தரையைத் தொடும். லோட் ஷீட் கையில் வந்ததும் எண்ணை அப்படியே கணினியில் தட்டாதே. நேற்று இதே வழியில் எவ்வளவு இருந்தது, இன்றைக்கு ஏன் 3 டன் குறைவு என்று ஒரு நொடி யோசி. ஒரு தடவை மாம்பழக்கூழ் டின் ஏற்றிய பேலட் இரண்டு ஷீட்டில் இடம் மாறிப் போயிருந்தது. அதைப் பிடித்தவர் ஒரு புது கோ-பைலட்தான். பேலட்டின் உயரத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்னது இவ்வளவு கனமா?" என்று கேட்டார். கேப்டன் அதற்குள் கையெழுத்தே போட்டிருந்தார்.

மூன்றாவது, ஆபத்தான சரக்கு. மொத்தம் 9 வகுப்பு. வெடிபொருள் 1, வாயு 2, தீப்பற்றும் திரவம் 3, இப்படிப் போய் அமிலம் 8, பலவகை 9. பேட்டரி 9இல் வரும். தனியாக வரும் லித்தியம் அயான் பேட்டரி, யூஎன் 3480, 2016 ஏப்ரலிலிருந்து பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக்கூடாது. அப்போது எங்கே வரும்? உங்களிடம்தான். சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. கேப்டனுக்கு ஒரு தாள் வரும், நோட்டாக் என்போம். எது, எவ்வளவு, எந்த இடத்தில் என்று அதில் இருக்கும். அதை நீயும் படி, படித்ததை வாய்விட்டுச் சொல். உலர் பனிக்கட்டி வந்தால் அது கார்பன் டை ஆக்சைடு, உள்ளே காற்று ஓட்டம் வேண்டும். கோழிக்குஞ்சு வந்தால் அதுவும் மூச்சு விடும், சூடும் தரும். பிப்ரவரி முதல் வாரம் பெங்களூரில் நின்றால் ஓசூர் தாஜ்மகால் ரோஜா பெட்டி பெட்டியாக வரும். அது ஒன்றும் செய்யாது, வாசனைதான்.

பாலக்கோட்டுப் பையன் | திங்கள் இரவு 10:31

எவ்வளவு விஷயம். எல்லோருக்கும் நன்றி. அம்மா இந்த இழையைப் படிக்காமல் இருந்தால் போதும்.

தொப்பூர் ஐயா, அப்பாவிடம் கேட்டேன். கிரானைட் ஏற்றியிருக்கிறார். ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றியதுதான் அதைவிடப் பயம் என்றார். கல்லுக்குப் பொறுமை உண்டு, தக்காளிக்கு விடிவதற்குள் சந்தை போக வேண்டும் என்று.

ஒன்றை இங்கே சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இதற்கு முன் வேறு ஒரு கம்பெனியில் சிம் செக்கில் ஃபெயில் ஆனேன். ஐஎல்எஸ் அப்ரோச்சில் (ரேடியோ கருவியைப் பார்த்து ஓடுதளத்துக்கு இறங்குவது) கட்டுப்பாடு கைவிட்டுப் போனது. இந்தக் கம்பெனியின் படிவத்தில் "முன்பு ஏதாவது மதிப்பீட்டில் தோல்வி உண்டா" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட்டுவிட்டேன். பொய் எழுதவில்லை, எழுதவே இல்லை. இப்போது உறுத்துகிறது. சொல்லித்தான் ஆக வேண்டுமா?

ஊத்தங்கரை வடக்கு | திங்கள் இரவு 10:50

சொல்லாதே. கிடைத்த வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

அரூர்க்காரி | திங்கள் இரவு 11:02

ஊத்தங்கரை அண்ணா, பார்ப்பார்கள். இந்தத் தொழில் சின்னது. அங்கே பரிசோதித்தவர் இங்கே வந்து உட்கார்ந்திருப்பார்.

இரவுக் கேப்டன் | செவ்வாய் மாலை 4:10

இரவு பறந்துவிட்டு இப்போதுதான் எழுந்தேன். தம்பி, யார் பார்ப்பார்கள் என்பதை விடு.

2019 பிப்ரவரி 23, அமெரிக்காவில் அட்லஸ் ஏர் 3591. மியாமியிலிருந்து ஹூஸ்டனுக்குப் போன 767 சரக்கு விமானம். இறங்கி வரும்போது கோ-அரவுண்ட் பட்டன் (இறங்காமல் மறுபடி மேலேறுவதற்கானது) தவறுதலாக இயங்கியது. எஞ்சின் உறுமியதும் விமானம் மூக்கைத் தூக்குவது போல கோ-பைலட்டுக்குத் தோன்றியது. உடம்பு சொன்ன பொய் அது. மூக்கைக் கீழே தள்ளினார். மூவர் இறந்தார்கள். விசாரணையில், அவர் முந்தைய கம்பெனிகளில் பயிற்சியில் தோற்றதை முழுதாகச் சொல்லவில்லை என்பதும் வெளியே வந்தது. இறந்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்திருப்பார்கள், அல்லது வேறு வழி காட்டியிருப்பார்கள். மறைத்ததால் யாருக்கும் அவருக்கு உதவ வழியில்லாமல் போனது.

நீ ஃபெயில் ஆனது ஐஎல்எஸ்ஸில். ஸ்கேன், அதாவது கருவிகளை மாறி மாறிப் பார்க்கும் பழக்கம், துருப்பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அது சரிசெய்யக்கூடிய விஷயம். இன்றைக்கே கம்பெனிக்கு நாலு வரி எழுது. படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டது, இன்ன மாதம் இன்ன காரணத்தால் தோல்வி, அதற்குப் பிறகு இதைச் செய்திருக்கிறேன் என்று. அழுகை வேண்டாம், விளக்கமும் வேண்டாம்.

"அதற்குப் பிறகு இதைச் செய்திருக்கிறேன்" என்று எழுத ஏதாவது செய்திருக்க வேண்டும், அல்லவா. அதனால் முன்பு நான் எழுதாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். வகுப்புக்கு முன்னால் காசு கொடுத்து 737 சிமுலேட்டர் போவது பொதுவாக வீண். உன் விஷயத்தில் வீண் இல்லை. ஆனால் 737 வேண்டாம். நீ படித்த பள்ளியிலோ வேறு இடத்திலோ சாதாரண இன்ஸ்ட்ருமென்ட் சிமுலேட்டரில் 4, 5 மணி நேரம் வெறும் ஐஎல்எஸ், ஹோல்டிங் (வானில் சுற்றிக் காத்திருப்பது) மட்டும் போடு. காசும் குறைவு, துருவும் போகும்.

காவேரிப்பட்டணம் மருமகள் | செவ்வாய் இரவு 8:25

யாரும் தூக்கத்தைப் பற்றிப் பேசவில்லையே. என் வீட்டுக்காரர் சரக்கு விமானத்தில் 6 வருடமாக இருக்கிறார். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

தம்பி, வேலைக்குப் போகும் நேரம் ஊர் தூங்கும் நேரம். நீ தூங்கும் நேரம் ஊர் விழித்திருக்கும். இது ஆடி மாதம், மாரியம்மன் கோவில் கூம்பு ஸ்பீக்கர் காலை 5 மணிக்கே ஆரம்பிக்கிறது. எங்கள் மாமியார் பகல் 12 மணிக்கு "சாப்பிட்டுவிட்டுத் தூங்குப்பா" என்று எழுப்புவார். பாசம்தான். பாசத்தாலேயே பாதித் தூக்கம் போகும். முதல் வருடம் அதற்காகவே சண்டை. பிறகு கதவில் ஒரு சிவப்புத் துணி கட்டினோம். துணி இருந்தால் வீடு இடிந்தாலும் எழுப்பக்கூடாது. ஜன்னலுக்கு இரண்டு அடுக்குக் கறுப்புத் திரை. களி சாப்பிட்டால் நன்றாகத் தூங்கலாம் என்பார், ஆனால் வேலைக்குக் கிளம்பும் முன் களி வேண்டாம் என்றும் அவரே சொல்வார்.

இன்னொன்று, மருந்து. பறக்கும் முன் ஊதிக் காட்ட வேண்டும். மது 12 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அரிஷ்டம், சில இருமல் டானிக், வாய் கொப்பளிக்கும் மருந்து, இவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறது. அம்மாவிடம் இப்போதே சொல்லி வை. தசமூலாரிஷ்டத்தால் வேலை போனது என்றால் ஊர் நம்பாது.

இரவுக் கேப்டன் | செவ்வாய் இரவு 8:50

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இரவு 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பின் அடிமட்டம். நம் லேண்டிங்கெல்லாம் அதற்குள்தான். பயிற்சிக்குப் போகும் முன் கடைசி 2 வாரம் ஒரே ஒரு விஷயம் பழகு: பகலில் இருட்டறையில் 4 மணி நேரம் விழிக்காமல் படுப்பது. தூக்கம் வரவில்லை என்றாலும் படுத்திரு. போன் வெளியே.

ஊத்தங்கரை வடக்கு | புதன் காலை 9:00

முந்தாநாள் அவசரப்பட்டுச் சொன்னேன், கேப்டன் சார் எழுதியது சரி. எனக்குக் கசப்பான அனுபவம் இருப்பதால் எல்லாக் கம்பெனி மேலும் சந்தேகம். நான் முன்பு சேர்ந்த ஓர் இடத்தில் மார்க் ஷீட் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்ப வாங்க ஒன்றரை வருடம் ஆனது. தம்பி, பாண்டு பத்திரத்தை வீட்டில் வைத்து நிதானமாகப் படி. எத்தனை வருடம், தொகை வருடா வருடம் குறையுமா, பயிற்சியில் தோற்றால் என்ன, கம்பெனியே மூடினால் என்ன, ஜாமீன் யார். மாந்தோப்பை ஜாமீன் வைக்கச் சொன்னால் ஒரு வக்கீலிடம் காட்டு. மெடிக்கல் கிளாஸ் 1 எப்போது முடிகிறது, பாஸ்போர்ட் எத்தனை மாதம் இருக்கிறது, லாக் புக்கில் எல்லாப் பக்கமும் கையெழுத்து இருக்கிறதா, இதையும் இந்த வாரமே பார்த்துவிடு.

பாலக்கோட்டுப் பையன் | 12 நாள் கழித்து, இரவு 9:47

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு 3 நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாலாவது நாள் பயிற்சிப் பிரிவிலிருந்து போன். ஒரு மேடம் பேசினார். "குறித்துக்கொண்டோம், தரை வகுப்பு முடிந்ததும் உங்களுக்கு ஒரு செஷன் கூடுதலாக வைக்கப் பார்க்கிறோம்" என்றார். அவ்வளவுதான். எஸ்ஓபியும் கியூஆர்எச்சும் வகுப்புக்கு 2 வாரம் முன் தருவார்களாம். படித்த பள்ளியில் 5 மணி நேரம் சிமுலேட்டர் போட்டேன். முதல் மணி நேரம் வெட்கக்கேடு. ஐந்தாவது மணி நேரம் ஐஎல்எஸ் ஊசி இரண்டும் நடுவிலேயே நின்றது.

வீட்டில் கை பழக ஒரு காக்பிட் போஸ்டரும் செய்தேன். 737 பேனல் படத்தை எடுத்துக்கொண்டு பாலக்கோட்டில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணீர் அஞ்சலிக்கும் காதுகுத்துக்கும்தான் அடித்துப் பழகியவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "போட்டோ எங்க வைக்கறது?" என்று கேட்டார். 6 அடிக்கு 4 அடி அடித்து, முன் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இடது நாற்காலியில் அப்பா. செக்லிஸ்ட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர் வாசிக்கிறார், நான் பேனலைத் தொட்டுப் பதில் சொல்கிறேன். நேற்று நான் பதில் சொல்லிவிட்டேன், கை பேனலுக்குப் போகவில்லை. அப்பா அடுத்த வரிக்குப் போகவே இல்லை. "தொடாம சொன்னா எப்படி? டயர் பாத்தியான்னு கேட்டா பாத்தேன்னு சொல்ற கிளீனர் மாதிரி இருக்கு" என்றார்.

கேப்டன் சார், ஒரே சந்தேகம். ஓவர்ஹெட் பேனலை மெயின் பேனலுக்கு மேலே சுவரிலேயே ஒட்டியிருக்கிறேன். சரியா?

இரவுக் கேப்டன் | அன்று இரவு 11:20

சுவரில் வேண்டாம். கை முன்னால் நீட்டிப் பழகிவிடும், சிமுலேட்டரில் மேலே தேடும்போது தடுமாறுவாய். கூரை உத்திரத்தில் கயிறு கட்டி, உன் நெற்றிக்குக் கொஞ்சம் முன்னால் தலைக்கு மேல் வரும்படி சாய்வாகத் தொங்கவிடு. ஃபேன் ஓடினால் ஆடும், நான்கு மூலையிலும் கட்டு. அப்பா நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போடு, நடுவில் த்ரஸ்ட் லீவருக்கு இடம் வேண்டும். அங்கே ஒரு மர ஸ்டூல் வை.

தொப்பூர் இறக்கம் | மறுநாள் காலை 6:05

கயிறு எந்தக் கயிறு? நைலான் கட்டாதே, முடிச்சு நழுவும். லாரியில் தார்ப்பாய் கட்டுகிற கயிறு அப்பாவிடமே இருக்கும்.